லாங்கியின் மேல் கிரீடம்

அத்தியாயம் பதினான்கு

ஏழு வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காத கலோலைனே அத்தை, சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இறங்கியதும் முற்றத்தில் கட்டிப்போட்டிருந்த பன்றியைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கு? உங்க வீட்டுல அதுக்குத் தீனி போடறதில்லையா?"

வாசலில் நின்ற தம்பி மகள் லாத்தாய்க்கு அப்போதுதான் உயிர் வந்தது. அத்தை குறை சொல்கிறாள் என்றால் கோபம் பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கோபத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். தாத்தா செத்த வீட்டில், குடும்பத்தில் இருந்த ஒரே தங்கக் காசை மூத்த மகள் என்ற உரிமையில் அத்தை கேட்டாள். இந்த நாட்டில் வீட்டுக்கு மூத்த பெண் கேட்டால் கூரையைக்கூடப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. தம்பி ஃபெலெத்தியும் கொடுத்தார். ஆனால் வாயைக் கட்டத் தெரியவில்லை. "தங்கத்தை நீயே வெச்சுக்கோ அக்கா, எனக்கு விளையாட ஒரு பாங்கா விதையாவது மிச்சம் வை" என்று துக்கத்துக்கு வந்த ஊரே கேட்கச் சொல்லிவிட்டார். பாங்கா என்பது கொடியில் காய்க்கிற, பிள்ளைகள் சுண்டி விளையாடுகிற வட்ட விதை. அக்காவைப் பார்த்துத் தம்பி அப்படி ஒரு வார்த்தை சொல்வதற்குத் தென்னை மரத்திலிருந்து தலைகீழாக விழுந்திருக்கலாம். அன்று தன் ஊரான லாபாஹாவுக்குப் பஸ் ஏறிய அத்தை திரும்பிப் பார்க்கவே இல்லை. இத்தனைக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.

"எங்கடி நீ வரைஞ்ச அந்தக் காசு? அதைப் பாக்கத்தான் வந்தேன்" என்று அத்தை, மரியாதைக்காக உடைமேல் சுற்றிக் கட்டுகிற இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். பாயின் மடிப்பில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்று செருகியிருந்தது. அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அக்கா முன்வாசலில் நுழைய, தம்பி பாதி வள்ளிக்கிழங்கோடு பின்வாசலில் இறங்கிப் போனார். அது பயமில்லை, மரியாதை. வயதுக்கு வந்த பிறகு அக்கா தம்பியோ அண்ணன் தங்கையோ ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஊரில் பாதிப் பேர் அதை விட்டுவிட்டார்கள். ஃபெலெத்தி விடவில்லை. அவருடைய மகன் மாக்கா மீசை முளைத்த நாளிலிருந்து பின்னால் இருக்கும் குடிசையில்தான் படுக்கிறான். தங்கை லாத்தாயின் அறைக்குள் அவன் நிழல்கூட விழுந்ததில்லை.

காசு இன்னும் காசாகவில்லை. மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக அடிக்கப்போகும் நினைவுத் தங்கக் காசு அது. அதன் பூப் பக்கத்துக்கு லாத்தாய் வரைந்த படத்தை அரண்மனைக் குழு தேர்ந்தெடுத்ததிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. பெண்கள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற பெண்ணைப் பற்றிப் பாதிரியார் பிரசங்கத்திலேயே பேசினார். மீன்காரி கூடுதலாக ஒரு மீன் போட்டாள்.

நேற்று மாலைதான் கடல் கடந்து இருக்கும் நாணய அச்சுச்சாலையிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவில் வெள்ளைவெளேர் என்று ஒரு பிளாஸ்டர் அச்சு. இதை அளவெடுத்துத்தான் இயந்திரம் எஃகில் குட்டி அச்சு வெட்டும், அந்த எஃகுதான் தங்கத்தில் பதியும். லாத்தாய் பார்த்து, திருத்தம் இருந்தால் அவர்களே அனுப்பியிருக்கும் ஊசிகளால் திருத்தி, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மதியம் அரண்மனை அலுவலர் ஹேலு வந்து பெட்டியை முத்திரையிட்டுச் சாயங்கால விமானத்தில் ஏற்றிவிடுவார். நாளை ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இங்கே விமானம் பறக்காது, சேவல்கூட யோசித்துத்தான் கூவும்.

கையெழுத்து விழாவிட்டால் இரண்டாம் இடத்துப் படம் காசாகிவிடும். அது அச்சுச்சாலைக்காரர்களே வரைந்த புறா. எந்த நாட்டுக் காசிலும் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்தப் புறாவை நினைத்தாலே லாத்தாய்க்கு எரிச்சல்.

"கண்ணை மூடிக்கோங்க அத்தை."

"எனக்கு என்ன வயசுடி? நேராக் காட்டு."

லாத்தாய் துணியை விலக்கினாள். நடுவில் கிரீடம். அதற்குக் கீழே ஒன்றைவிட ஒன்று அகலமாக மூன்று பட்டைகள். விளிம்பைச் சுற்றி அண்ணன் மாக்கா எழுதிய வரி: லாங்கியின் மேல் கிரீடம்.

மாக்கா பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். ஆனால் ஊரில் எந்த விசேஷத்துக்கும் ஆட்டப்பாட்டு கட்டுவது அவன்தான். தங்கையின் படத்துக்கு ஒரு வரி வேண்டும் என்று அம்மா சேய்னி போய்ச் சொன்னாள். அவன் குடிசையில் இருந்தபடியே யோசித்துச் சொன்னான், அம்மா வந்து லாத்தாயிடம் சொன்னாள். அவ்வளவுதான் அண்ணன் தங்கை கூட்டு முயற்சி.

லாங்கி என்றால் வானம். மன்னரின் தலைக்கும் அதே வார்த்தைதான். நமக்கெல்லாம் இருப்பது வெறும் தலை, மன்னருக்கு இருப்பது வானம்.

அத்தை பார்த்தாள். குனிந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். லாத்தாய் ஒரு பாராட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்தப் படி எதுக்கு?"

"படியா? கடல் அத்தை. இது உள்கடல், இது பவளப்பாறை, இது பெருங்கடல். அதுக்கு மேல வானம். வானத்துல கிரீடம்."

"நான் தினமும் காலையில கதவைத் திறந்தா எதைப் பாக்கறேன் சொல்லு."

 லாபாஹாவில் அத்தை வீட்டுக்கு எதிரே பழைய மன்னர்களின் கல்லறைகள் இருக்கின்றன. பவளப்பாறைக் கல்லை அடுக்கிப் படிப்படியாகக் கட்டிய மேடைகள். அவற்றுக்கும் பெயர் லாங்கி.

"லாங்கின்னு எழுதியிருக்கு. கீழ மூணு படி இருக்கு. மேல கிரீடம்" என்று அத்தை குரலைத் தாழ்த்தினாள். "முடிசூட்டற அன்னைக்கே ராஜாவோட கல்லறையைக் கட்டிட்டியேடி கண்ணு."

லாத்தாய் அச்சைப் பார்த்தாள். காகிதத்தில் நீல மையால் இழுத்தபோது அது கடலாகத்தான் இருந்தது. அச்சுச்சாலைக்காரன் பட்டைகளுக்குக் கனம் கொடுத்து மேடாக்கியிருந்தான். வெள்ளையில், கனத்தில், அது கல்லறையேதான். நேற்று இரவு முழுக்கக் கொஞ்சிக்கொண்டிருந்த அவள் கண்ணுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சேய்னி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் கதவைச் சாத்தினாள். "இப்ப என்ன? வெளிநாட்டுக்காரங்கதானே வாங்கி அலமாரியில வைக்கப் போறாங்க? நம்ம வாயைத் திறக்காம இருந்தா யாருக்குத் தெரியும்?"

"ராஜா பாப்பாரே அம்மா."

"பாத்தா?"

"நம்ம பாஷை அவருக்குத் தெரியும்ல?"

 ஒரு கணம், ஒரே ஒரு கணம், அம்மா சொல்வதுபோல் கையெழுத்தைப் போட்டுவிட்டால் என்ன என்று லாத்தாய்க்குத் தோன்றியது உண்மை. யார் கண்டார்கள்? ஆனால் மன்னர் அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துப் படிப்பது மனசில் வந்ததும் அவளுக்கு உடம்பே கூசியது. அதற்குப் புறாவே தேவலை.

"வார்த்தையை மாத்திடலாமா அத்தை?"

"எதை வெச்சு மாத்துவே? ராஜா தலைக்கு வேற வார்த்தை ஏது? வெறும் தலைன்னு போட்டா அவரு நம்ம பக்கத்து வீட்டுக்காரர் ஆயிடுவாரு." அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மாக்கா, லாங்கின்னு எதை நினைச்சுடா எழுதினே?"

குடிசையிலிருந்து பதில் வந்தது. "தலையை நினைச்சுத்தான் அத்தை. கிரீடத்தை வேற எங்க வைப்பாங்க?"

"நல்லா இருக்கு. அவன் தலைன்னு எழுதறான், இவ வானம்னு வரையறா, நான் கல்லறைன்னு படிக்கிறேன். வரியை எழுதினவன் படத்தைப் பாக்கல, படம் போட்டவ அர்த்தத்தைக் கேக்கல. நடுவுல சேய்னி தபால்காரி." அத்தை மூச்சு வாங்கினாள். "மாக்கா, உள்ள வா."

குடிசைக் கதவு பாதி திறந்து அப்படியே நின்றது.

"நான்தான் கூப்பிடறேன். உன் தங்கச்சி ரூமுக்கு வா."

சுவருக்கு அப்பால் ஃபெலெத்தி எழுந்து நிற்பது பலகை இடுக்கில் தெரிந்தது. "சேய்னி, இது முறையான்னு அக்காவைக் கேளு."

"சேய்னி, முறையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்னு உன் புருஷன்கிட்ட சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றாள் சேய்னி. "அடுப்புல சேம்பிலைப் பொதி கிடக்கு எனக்கு."

"முறையைக் கட்டினவங்க மரியாதைக்குத்தான் கட்டினாங்க" என்று அத்தை சுவரைப் பார்த்தே சொன்னாள். "ராஜாவுக்கு மரியாதைக் குறைவா ஒரு காசு வர்றதுக்கா கட்டினாங்க? கதவை நான் திறந்து விடறேன். பாவம் ஏதாவது இருந்தா என் கணக்குல எழுதிக்கட்டும்."

அத்தை சொன்னால் சொன்னதுதான். மாக்கா இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு, குனிந்து, தவழாத குறையாக உள்ளே வந்து கதவோரம் உட்கார்ந்தான். லாத்தாய் எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்தாள். இருவரும் கடைசியாக ஒரே பாயில் உட்கார்ந்தது ஒரு துண்டு ஈரப்பலாவுக்குச் சண்டை போட்ட வயதில். இப்போது அவன் துறைமுகத்து மூட்டை மாதிரி வளர்ந்து நிற்கிறான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சம், அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சம்.

அத்தை அச்சை நடுவில் வைத்தாள். மாக்கா ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இது என்ன?"

"கடல்" என்றாள் லாத்தாய் தரையைப் பார்த்து.

"கடலா? நான் தினம் கடலோட மாரடிக்கிறேன். ஒரு நாளாவது இப்படி இஸ்திரி போட்ட மாதிரி இருந்து நான் பாத்ததில்ல."

லாத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். பயத்துக்கு நடுவிலும் உள்ளே ஒரு குதூகலம். அண்ணன் என்னைக் கிண்டல் செய்கிறான்!

"அலை வெட்டேன்."

"வெட்ட முடியாது. பட்டை மெல்லிசு. வளைச்சு வெட்டினா நூலா அறுந்துடும். புதுசா ஒட்டவும் நேரமில்ல. சுரண்டி எடுக்க மட்டும்தான் முடியும்."

"மொத்தமாச் சுரண்டிடு."

"அப்ப கிரீடம் அந்தரத்துல தொங்கும்."

 தெருவில் ஒரு கார் சத்தம் கேட்டது. சேய்னி சமையலறையிலிருந்து, "வந்துட்டாரு. இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள்.

 லாத்தாய் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் கையைப் பார்த்தாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் விரித்திருந்த பாயின் ஓரக் குஞ்சத்தை விரலால் பிரித்துப் பிரித்துக் கோதிக்கொண்டிருந்தான். அவன் பார்வையும் அதில்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள்.

"குஞ்சம்" என்றாள் லாத்தாய்.

மாக்காவின் விரல் நின்றது. "பாய்" என்றான் மெதுவாக. "ஒண்ணு மேல ஒண்ணு மூணு பாய். ராஜா உக்கார்ற பாய்."

"ரெண்டு முனையிலயும் கீறிவிட்டாப் போதும். சுரண்டற வேலைதான்."

"கல்லுக்கு ஏது குஞ்சம்?" என்ற அத்தை, தட்டைப் பார்த்து, பாயைப் பார்த்து, மறுபடி தட்டைப் பார்த்தாள். "உக்காந்துட்டு இருக்கியே, எடுடி ஊசியை."

மாக்கா நகர்ந்து வந்து தட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தான். மூட்டை தூக்குகிற கை, ஆனால் முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தது. லாத்தாய் முதல் கீறலைப் போட்டாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. பட்டை உடையவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. அவள் மூச்சை விட்டால் தூள் பறக்கும் என்று மாக்காவும் சேர்ந்து மூச்சைப் பிடித்தான்.

வெளியே சேய்னி களத்தில் இறங்கிவிட்டாள். "வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல இளநீர். பொதி இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்தேன். சாப்பிடாமப் போனா எனக்கு என்ன மரியாதை?"

"பெட்டியை முடிச்சுட்டு..." என்றார் ஹேலு.

"உக்காருங்க" என்று ஃபெலெத்தியின் குரல் குறுக்கே புகுந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார். ஆள் கிடைத்தால் விடுவாரா? "நம்ம காசுக்கு ஏன் டாலர்னு பேர் வைக்கல, சொல்லுங்க பாப்போம்."

"எனக்குத் தெரியுமுங்க. நம்ம நாக்குல அது தோலா ஆயிடும்."

"தோலான்னா?"

"பன்றி மூக்கு."

"அந்த மூக்கை எவன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு அலைவான்? அதனாலதான் பாங்கான்னு விதை பேரை வெச்சாங்க. அதுக்கும் முன்னாடி நம்ம முதல் தங்கக் காசு வந்துச்சே, கௌலா, அதைப் பாத்திருக்கீங்களா? ஊர் உலகத்துல ராஜா ராணின்னா காசுல கழுத்தோட நிறுத்திடுவான். நம்ம ராணி காசுலயும் முழு உருவமா, கால் ஊன்றி நின்னாங்க. சின்னக் காசுலதான் தலை மட்டும்."

"இந்தக் காசுல தலைதானுங்க. அதுக்கே குழுவுல பெரிய சண்டை. ராஜா தலை போட்ட காசைப் பின்பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்துட்டா என்ன பண்றதுன்னு."

"என்ன முடிவாச்சு?"

"தங்கக் காசை எவனும் பின்பாக்கெட்டுல வைக்க மாட்டான்னு முடிவாச்சு."

உள்ளே சிரிப்பை அடக்கியதில் மாக்காவின் தோள் குலுங்கியது. "ஆடாதே" என்று லாத்தாய் அதட்டினாள். அண்ணனை அதட்டிவிட்டோம் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

கடைசிக் கீறலைப் போட்டுத் தூளை ஊதியபோது ஹேலு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாயோரத்தில் தேங்காய்ப்பால். மாக்கா தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் புருவம் தானாக இறங்கியது.

அவர் அச்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வாய்க்குள்ளேயே வரியைப் படித்தார்.  அவருக்கும் படிக்கட்டு தெரிந்துவிட்டால்?

"வரைஞ்ச படத்துல இது கடல்னு நினைச்சேன்" என்றார். "இப்ப பாய் மாதிரி இருக்கு?"

"பாய்தான்" என்றாள் லாத்தாய். "கடலாத்தான் வரைஞ்சேன். அது அச்சுல படிக்கட்டு மாதிரி வந்துடுச்சு. லாங்கிங்கற வார்த்தைக்குக் கீழ படிக்கட்டு இருந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அதான் திருத்தினேன். குழு வேண்டாம்னு சொன்னா என்கிட்ட வேற வழி இல்ல."

மறைக்காமல் சொல்லிவிட்டாள். ஹேலு முகம் வெளுத்தது. தட்டை மறுபடி பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் திரும்பியது.

"கடல் எல்லா நாட்டுக்கும் உண்டு" என்றார். "ராஜாவைப் பாய்ல உக்காரவெச்சுக் காசு அடிச்சவன் எவன்? திருத்தம் செஞ்சு அனுப்ப எனக்கு அதிகாரம் கொடுத்திருக்காங்க. குழுவுக்கு நான் சொல்லிக்கறேன். கையெழுத்தைப் போடும்மா. அப்புறம் ஒண்ணு, கீழ்ப் பாய்க்கு அடியில உன் பேரோட முதல் எழுத்தைக் கீறணும். அது வழக்கம்."

லாத்தாய் ஊசியை எடுத்தாள். எறும்பளவில் ஓர் எல் கீறினாள். நிறுத்தாமல் அதன் பக்கத்திலேயே ஓர் எம்.

மாக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.  பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நாளையிலேர்ந்து நான் மறுபடி குடிசைதான். காசுலயாவது பக்கத்துல பக்கத்துல இருப்போம்."

லாத்தாய் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். ஹேலு பெட்டியை மூடி அரக்கு வைத்து, கையோடு இரண்டு பொதியும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். தெருவே கைகாட்டி வழியனுப்பியது. ஃபெலெத்தி முற்றத்தில் பன்றியிடம், "பிழைச்சோம்டா" என்று சொல்வது உள்ளே கேட்டது. விருந்துக்குப் போகப்போகிற பன்றி அதை எப்படி எடுத்துக்கொண்டதோ தெரியாது.

அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்து கைக்குட்டை முடிச்சை உருவினாள்.

"சேய்னி, உன் புருஷனை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நேரே கூப்பிட்டாள். "தம்பி."

வெளியே காலடிச் சத்தம் நின்றது. "அக்கா."

"நான் காசைப் பாக்க மட்டும் வரல. அப்பாவோட கௌலா விஷயமாப் பேச வந்தேன்."

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது..."

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல இதைக் கேளு." அத்தை முடிச்சை அவிழ்த்துத் தரையில் கவிழ்த்தாள். உருண்டு வந்து லாத்தாயின் முழங்காலில் முட்டி நின்றது தங்கம் இல்லை. பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக ஒரு பாங்கா விதை.

"அன்னைக்கு நீ குடுத்த முடிச்சை வீட்டுக்குப் போய்த்தான் அவிழ்த்தேன். உள்ள இதுதான் இருந்துச்சு. ஒரு விதையாவது மிச்சம் வைன்னு கத்திட்டு, விதையை நீ எனக்கே கட்டிக் குடுத்து அவமானப்படுத்திட்டேன்னு நினைச்சேன். ஏழு வருஷம் அப்படித்தான் நினைச்சேன்."

"நானா? இல்ல அக்கா. சத்தியமா நான் தங்கத்தைத்தான் கட்டினேன். கட்டி, உங்கிட்டக் குடுக்கச் சொல்லி..." ஃபெலெத்தியின் குரல் பாதியில் நின்றது.

சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது. லாத்தாய் திரும்பிப் பார்த்தாள். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே எப்போதும் போய் வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா?" என்றாள் லாத்தாய்.